எட்டாம் கேள்வி

துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பத்தில் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன. ஏழாவது, குடும்பத்தில் மனநலம் சரியில்லாதவர் உண்டா என்று கேட்கும். ஒன்பதாவது குடிப்பழக்கம் பற்றியது. இரண்டுக்கும் நடுவே எட்டாவது: 'விண்ணப்பதாரர் எளிதில் கோபப்படுபவரா?' மற்றக் கேள்விகளுக்கு நாமே பதில் எழுதிக்கொள்ளலாம். இதற்கு மட்டும் முடியாது. போலீஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, தன் கையால் எழுதுவார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளைப் பற்றி விசாரிக்க வந்தவர், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம்தான் முதலில் கேட்டார். தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே, "கோபமா? அவளுக்கா? புருஷனைத் தவிர வேற யார்கிட்டயும் அவ கோவிச்சு நான் பார்த்ததே இல்லீங்க" என்றாள். தோழிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். வந்தவர் 'குடும்பத்தாரிடம் கோபப்படுகிறார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். லைசென்ஸ் நான்கு மாதம் நின்றது.

அந்த நான்கு மாதமும் மாடிவீட்டில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கும் புருஷன், "எட்டாம் கேள்வி! எட்டாம் கேள்வி!" என்று பாடுவார். வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. மாவில் உப்பு அதிகமானால் எட்டாம் கேள்வி, மழையில் துணி நனைந்தால் எட்டாம் கேள்வி. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டுமே.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்பது வேலை. வங்கியில் உள்ளவர்கள் முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள், நகர்ந்ததும் 'ரெட்டைக்குழல்' என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். "ரெண்டு குழல் இருக்கிறது துப்பாக்கிக்கு, பேரு எனக்கா?" என்று ஒரு தடவை காசாளரிடம் கேட்டாள். அன்றிலிருந்து முகத்துக்கு நேரேயே 'ரெட்டைக்குழலக்கா' என்றார்கள். அது ஒருவிதத்தில் மரியாதையாகவும் இருந்தது.

முன்பு அந்த வாசலில் நின்றவர் அவள் புருஷன். அவருக்கு வலது கண் போய்விட்டது. குறி பார்க்கிற கண். டாக்டர் அதைச் சொன்ன அன்று சாயங்காலம் அவர் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "இனிமே நீ நில்லு, நான் சமைக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். விளையாட்டில்லை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ள ஆளைத்தான் வங்கி எடுக்கும். துப்பாக்கி இருந்தது, லைசென்ஸைத்தான் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று மாதம் பயிற்சிக்குப் போனாள். முதல் நாள் தோள் கன்றிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. அவர்தான் தலை வாரிவிட்டார். இப்போது அவர் வீட்டில் இஸ்திரி போடுகிறார், சமைக்கிறார், அவளுடைய சீருடையின் மடிப்பைக் கத்தி மாதிரி வைத்துக்கொடுக்கிறார். ஒற்றைக் கண்ணால் அவர் வைக்கும் மடிப்பில் ஒரு கோணல் வராது.

துப்பாக்கி வீட்டில் இருப்பது, வீட்டில் ஒரு அதிகாரி குடியிருப்பது போலத்தான். கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி. பெட்டியைச் சுவரோடு சங்கிலியால் பிணைத்திருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு அறையில், வேறு பூட்டில். அவர்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறையும் சமையலறையும்தான். அதனால் தோட்டா சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்கு மேல் தட்டில். வருஷத்துக்கு ஐந்து தோட்டா சுட்டுப் பழகலாம். சுட்ட பிறகு ஐந்து காலிக் குப்பிகளையும் லைசென்ஸ் அலுவலகத்தில் காட்டினால்தான் புதுசு கிடைக்கும். ஒரு வருஷம் ஒரு குப்பி உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. அலுவலகத்தில் நான்கைக் காட்டினாள். "அஞ்சாவது எங்கம்மா?" என்று லைசென்ஸ் அதிகாரி கேட்டார். சாக்கடையில் என்றாள். "அப்ப சாக்கடையிலிருந்து கொண்டாங்க" என்றார். அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை. அவள் போய் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்து, கழுவி, கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எண்ணினார். ஐந்து.

இதையெல்லாம் அவள் தப்பென்று நினைத்ததில்லை. ஆளைக் கொல்கிற சாமான் ஆயிற்றே, ஊரில் கண்டவன் கையிலும் இருக்கலாமா, கணக்குக் கேட்கத்தான் வேண்டும் என்றே நினைத்திருந்தாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் மூன்று நாளுக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவள் வாசலில் நின்ற வருஷங்களில் வங்கிக் காவலர்களுக்கு விலக்கு இருந்தது, இந்தத் தடவை இல்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை யாரும் ஒப்படைக்கச் சொல்வதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் வேட்பாளர்களின் வண்டியில், முன் சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரிசையில் நின்றவர்கள் அதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் நாற்பது பேருக்கு மேல். வங்கிக் காவலர்கள், நகைக்கடைக் காவலர்கள், பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள். மேஜையில் ஸ்டேஷன் ரைட்டர் பெரிய பதிவேட்டை விரித்துவைத்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு கட்டம். ஒன்றின் தலைப்பு 'ஒப்படைத்தேன்'. மற்றதன் தலைப்பு 'திரும்பப் பெற்றுக்கொண்டேன்'.

அவள் முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தாள்.

"ரெண்டுலயும் போடுங்கம்மா" என்றார் ரைட்டர்.

"இன்னும் வாங்கவே இல்லையே சார்?"

"வாங்கத்தானே போறீங்க? அப்புறம் ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடிச்சு நான் கையெழுத்து வாங்கிட்டுத் திரியணுமா? எப்பவும் இப்படித்தான். முன்னாடி உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் போட்டாரு."

பின்னால் நின்ற நகைக்கடைக் காவலர், "போட்டுட்டு நகருங்கக்கா, வெயில் மண்டையைப் பிளக்குது" என்றார்.

போட்டாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. நாற்பது பேரும் செய்த தப்பு.

துப்பாக்கியில் அட்டை ஒன்றைக் கட்டி, மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடத்தில் சாய்த்து வைத்தார்கள். சங்கிலி இல்லை. பூட்டு இல்லை. அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். தன் வீட்டுச் சுவரில் அடித்த நாலு போல்ட் ஞாபகம் வந்தது. எட்டாம் கேள்வியும் ஞாபகம் வந்தது. வந்துவிட்டாள்.

நாற்பது நாள் வங்கி வாசலில் கைத்தடியோடு நின்றாள். "என்னக்கா, திருடன் வந்தா தடியால மிரட்டுவீங்களா?" என்று காசாளர் கேட்டார். "உங்களை அவன் மேல தள்ளிட்டு ஓடிடுவேன்" என்றாள்.

தேர்தல் முடிந்தது. முடிவும் வந்தது. தடை விலகிய அன்றே அரை நாள் விடுப்பில் ஸ்டேஷனுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் மற்றவர்களின் துப்பாக்கிகள் இருந்தன. அவளுடையது இல்லை. உடைந்த நாற்காலியை நகர்த்திக்கூடப் பார்த்தாள்.

ரைட்டர் பதிவேட்டைப் புரட்டினார். விரலை வைத்து ஓட்டினார். நிமிர்ந்தார்.

"நீங்கதான் வாங்கிட்டீங்களேம்மா."

"நான் எங்க சார் வாங்கினேன்?"

"இதோ, 'திரும்பப் பெற்றுக்கொண்டேன்.' கையெழுத்து உங்களோடதுதானே?"

"நீங்கதானே சார் ரெண்டுலயும் போடச் சொன்னீங்க! அன்னைக்கு, இதே மேஜையில!"

"வீட்ல நல்லாத் தேடிப் பாருங்க" என்றார் ரைட்டர். குரலை உயர்த்தாமல், அனுதாபத்தோடு, சாவியைத் தொலைத்தவளிடம் பேசுவதுபோல.

அதைவிட அவர் ஓர் அறை விட்டிருக்கலாம். காது மடல் சுட்டது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். ஸ்டேஷனில் நின்று கத்தினால் பதில் எழுத அக்கம்பக்கத்தில் விசாரிக்கவே வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார்கள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒருநாள் ரைட்டர் இல்லை, ஒருநாள் பதிவேடு இல்லை, ஒருநாள் இன்ஸ்பெக்டர் இல்லை. மற்ற துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. வெயில் மண்டையைப் பிளக்கிறது என்ற நகைக்கடைக் காவலர் தன்னுடையதைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் போனார்.

வங்கி மேலாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சொல்வதுபோலத்தான் சொன்னார். "எனக்கு மேலேயிருந்து கேக்கிறாங்கம்மா. துப்பாக்கி இல்லாத காவலை வச்சிருந்தா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். திங்கட்கிழமை காலையில நீங்க துப்பாக்கியோட நிக்கணும். இல்லேன்னா ஏஜென்சியில சொல்லி வேற ஆள். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அன்று ஏழாவது நாள். தினமும் போய்க் கேட்டுத் தொல்லை கொடுத்ததற்குப் பலனாக, அன்று சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். துப்பாக்கியைக் கொடுக்க அல்ல. பார்க்க.

"பெட்டியைத் திறங்க."

திறந்தாள். உள்ளே எண்ணெய்த் துணி மட்டும் சுருண்டு கிடந்தது.

"காலியா இருக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதினார். சமையலறைக்குப் போய்ப் பருப்பு டப்பாக்களை இறக்கினார்கள். தோட்டாக்களை எண்ணினார்கள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டார்கள். இஸ்திரிக்கு வந்திருந்த ஊரார் துணிகளை உதறிப் போட்டார்கள். புருஷன் சுவரில் சாய்ந்து நின்று, "அந்த வெள்ளைச் சட்டை பள்ளிக்கூட வாத்தியாரோடது சார். அதுக்குள்ள துப்பாக்கி இருந்தா அவரைத்தான் கேக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

போகும்போது ஒரு தாளை நீட்டினார்கள். லைசென்ஸ் ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கத் தவறியதாகத் தெரிகிறது, சனிக்கிழமைக்குள் ஆயுதத்தைக் காட்ட வேண்டும், தவறினால் வழக்கு.

அவள் தாளைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். கீழ்வீட்டில் தையல் மிஷின் நின்றது.

"அடுக்குப் பாத்திரம் நெளிஞ்சிடும்டி" என்றார் புருஷன்.

"நெளியட்டும்."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். எட்டாம் கேள்வி என்று பாடவில்லை. "லைசென்ஸ் அதிகாரி வீட்டுக்கே போயிடு. ஆபீஸ்னா உள்ள விடமாட்டானுங்க. காலையிலேயே போ. மனுவை நான் சொல்றேன், நீ எழுது" என்றார். கண் போனவர் சொல்ல, கொதித்துப்போனவள் எழுதினாள். மூன்று தாள் கிழிந்தன. நான்காவதில் 'பணிவுடன்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரியின் பங்களா வாசலில் போய் நின்றாள். சீருடையில்தான் போனாள். மடிப்புக் கலையாத சீருடை. இரும்புக் கேட்டுக்கு உள்ளே, ஸ்டூலில், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காக்கிச் சட்டையும் கைலியுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி.

"அய்யாவைப் பார்க்கணும். மனு."

"அய்யா ஷேவ் பண்ணிட்டிருக்காரு. நில்லுங்க" என்று அவர் எழுந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். வார் அவள் கண்ணெதிரே தொங்கியது.

பழுப்புத் தோல் வார். நடுவில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டு அவள் புருஷனின் பழைய இடுப்பு வாரிலிருந்து வெட்டியது. தைத்தது தையல்காரம்மா. அன்று காக்கி நூல் தீர்ந்துபோனதால் பச்சை நூலால் தைத்தாள். "கிளி மாதிரி இருக்குடி உன் துப்பாக்கி" என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். பச்சைத் தையல், நான்கு வரிசை, கடைசி வரிசை கொஞ்சம் கோணல்.

அவள் கேட்டுக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள். "அந்தக் கட்டையோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுறீங்களா?"

அவர் அப்பாவியாகத் திருப்பினார். இரும்புத் தகட்டில் எண் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் பத்து வருஷமாகப் பார்க்கும் எண். அவளுக்குத் தன் பிறந்த தேதிகூடச் சில சமயம் குழம்பும், அந்த எண் குழம்பாது.

"இது எப்ப வந்துச்சு இங்க?"

"எலெக்‌ஷன் சமயத்துல. கேட்ல இருந்த போலீஸ்காரரைப் பூத்துக்கு அனுப்பிட்டாங்க. கேட்டு வெறிச்சோடிக் கிடந்தா நல்லாருக்காதுன்னு, ஸ்டேஷன்ல கேட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. இருந்ததுலயே இதுதான் பளபளன்னு இருந்துச்சாம்." அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "நான் தோட்டக்காரன்தாம்மா. சும்மா புடிச்சிட்டு உக்காருன்னாங்க."

பளபளவென்று இருந்ததாம். வாரத்துக்கு ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைத்தது யார்?

அப்போதுதான் அவர் விரலைப் பார்த்தாள். "அண்ணே, முதல்ல விசையிலேருந்து விரலை எடுங்க! தோட்டா இருக்கா உள்ள?"

"தெரியலியேம்மா."

"தெரியலியா! மடியில வச்சிருந்தீங்களே!" குழலை வானத்தைப் பார்க்கப் பிடிக்கச் சொன்னாள். நெம்புகோலைத் தள்ளி, மடக்கித் திறக்கச் சொன்னாள். கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தாளே தவிர, அவள் தொடவில்லை. காலியாகத்தான் இருந்தது. ஒரு குழலுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி வாசலுக்கு வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"என்ன கலாட்டா?"

அவள் மனுவை நீட்டவில்லை. நேராகச் சொன்னாள். எண்ணைச் சொன்னாள், லைசென்ஸ் புத்தகத்தை விரித்துக் காட்டினாள், வழக்குப் போடுவோம் என்ற தாளையும் காட்டினாள். அவர் தாளைப் படித்தார், தோட்டக்காரரைப் பார்த்தார், சிரித்தார்.

"அட, இதுவா! அவசரத்துல எவனோ கொண்டாந்து வச்சிட்டான். உங்களோடதுதானே, எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சுபோச்சு."

தோட்டக்காரர் நிம்மதியாகத் துப்பாக்கியைக் கேட்டுக்கு மேலாக நீட்டினார். கையெட்டும் தூரத்தில் பச்சைத் தையல். திங்கட்கிழமை காலை வேலை. எல்லாம் அந்த நீட்டலில் இருந்தது.

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேங்க."

"என்னது?"

"இப்ப நான் இதைத் தொட்டா, இத்தனை நாளும் என் வீட்லதான் இருந்துச்சுன்னு ஆயிடும். ஒளிச்சு வச்சிட்டு நாடகம் ஆடுறாள்னு எழுதுவாங்க. போற வழியில எவனாவது நிறுத்தி, எங்கேருந்து எடுத்துட்டு வர்றேன்னு கேட்டா என்ன காட்டுறது? எனக்குப் பேப்பர் வேணும்."

"நான் சொல்றேன்ல? ஒண்ணும் ஆகாது. பேப்பர் பேப்பர்னு..." அவர் அலுத்துக்கொண்டு கன்னத்து நுரையைத் துடைத்தார்.

அந்த 'பேப்பர் பேப்பர்னு' என்ற சொல்தான். பத்து வருஷம் மென்று விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

"நீங்க சொல்றீங்களா? நீங்க சொன்னாப் போதுமா? அஞ்சாவது குப்பி எங்கன்னு கேட்டது நீங்கதானே? சாக்கடையில விழுந்துச்சுன்னு நான் சொன்னேனே, சொன்னாப் போதும்னு விட்டீங்களா? முழங்கை வரைக்கும் கைய விட்டு எடுத்துட்டு வந்தேன்யா! வெறும் தகரக் குப்பி, வெடிச்சு முடிஞ்ச குப்பி! என் வீட்டு அரிசிக்குள்ள கைய விட்டுத் துழாவினானுங்க. ஊரார் துணியை உதறிப் போட்டானுங்க. பெட்டி காலியா இருந்தா அது எனக்குக் குத்தம். இங்க லைசென்ஸ் இல்லாத ஆளு, தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியாத ஆளு, விசையில விரலை வச்சிட்டு நடுத்தெருவைப் பார்த்து உக்காந்திருக்காரே, இது யாருக்குக் குத்தம்? எந்தப் பேப்பர்ல எழுதுவீங்க இதை?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போன சைக்கிள் நின்றது. அதிகாரி ஜன்னலையும் சைக்கிளையும் பார்த்தார். முகம் மாறியது.

"இவ்வளவு கோபம் வர்ற ஆளுக்குத் துப்பாக்கி எப்படிம்மா குடுக்கிறது?" என்றார் மெதுவாக. மிரட்டல்தான். அவளுக்கும் அது புரிந்தது.

"வருதுங்க" என்றாள். "எட்டாம் கேள்வியில எழுதிக்குங்க. துப்பாக்கி என் கையில இருந்த பத்து வருஷத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல. நீங்க வாங்கி வச்ச பிறகுதான் வருது. அதையும் சேர்த்து எழுதுங்க."

பிறகு தோட்டக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, குழலை மடக்கியே வச்சுக்குங்க. கையில சாத்திக்குங்க, அப்படித்தான். என்கூட ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே குடுங்க. நான் அங்க வாங்கிக்கிறேன்."

தோட்டக்காரர் அதிகாரியைப் பார்த்தார். இதற்குள் நான்கு சைக்கிள் நின்றிருந்தது. "போய்த் தொலை" என்று அதிகாரி உள்ளே போனார். அவளைச் சொன்னாரா தோட்டக்காரரைச் சொன்னாரா தெரியவில்லை. இருவரும் கிளம்பினார்கள்.

அவள் முன்னால், கையில் துப்பாக்கியோடு அவர் பின்னால். பார்த்தவர்களுக்கெல்லாம் அவளைக் கைது செய்து கொண்டுபோவதாகத்தான் பட்டது. காய்கறி வண்டிக்காரர் வாயைப் பிளந்தார். வங்கிக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அவளைத் தெரியாதவர்போலத் திரும்பிக்கொண்டார். அவள் வீட்டுத் தெருமுனையைக் கடக்கும்போது தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தாள்.

"அய்யய்யோ! என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலை. நான்தான் இவரைக் கூட்டிட்டுப் போறேன். அந்த வாரைப் பாருக்கா."

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். பச்சை நூலைத் தொட்டாள். "என் தையல்!" என்றாள். அவ்வளவுதான், கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே நடந்தாள். மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் புருஷனும் படியைத் தடவித் தடவி இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். "நடையைப் பாரு, என்னமோ ஊர்வலம் போற மாதிரி" என்றார். அவர் நடையும் அப்படித்தான் இருந்தது.

ரைட்டர் துப்பாக்கியைப் பார்த்தார், தோட்டக்காரரைப் பார்த்தார், பேனாவை மூடித் திறந்தார்.

"சரி, கிடைச்சிடுச்சுல்ல. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

"எங்க போடணும் சார்? அந்தக் கட்டத்துல ஏற்கெனவே போட்டாச்சே."

ரைட்டர் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து புருஷன், "அதானே" என்றார்.

பழைய கையெழுத்தை அடித்து, பக்கத்தில் புதிதாக ஒரு வரி எழுத அரைமணி நேரமானது. முதலில் 'தேடியதில் கிடைத்தது' என்று எழுதினார். "எங்க தேடினீங்க?" என்றாள். "அய்யா வீடுன்னெல்லாம் எழுத முடியாதும்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டக்காரர் துப்பாக்கியை மேஜையில் வைக்கப் பயந்து குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டே நின்றார். கடைசியில் அவர்தான், "சார், என்னை விடுங்க, செடியெல்லாம் காயுது. நான் கொண்டாந்தேன்னு எழுதிக்குங்க, கைநாட்டு வேணா வைக்கிறேன்" என்றார்.

'தோட்டக்காரர் கொண்டுவந்து ஒப்படைத்தார்' என்று ரைட்டர் எழுதினார். யாருடைய தோட்டக்காரர் என்று எழுதவில்லை. போதாதுதான். ஆனாலும், இனி அந்தப் பதிவேட்டைப் படிக்கிற எவனும் எந்தத் தோட்டம் என்று ஒரு தடவையாவது யோசிப்பான். அவள் அதன் கீழே, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்திட்டாள். அப்புறம்தான் துப்பாக்கியைத் தொட்டாள். முதல் வேலையாகச் சிலந்திக்கூட்டை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வங்கி வாசலில் நின்றாள். மேலாளர் பெரிதாகச் சிரித்தார். அவள் திருப்பிச் சிரிக்கவில்லை. காசாளருக்கு மட்டும் தலையை ஆட்டினாள்.

அடுத்த புதுப்பிப்பில் மூன்று வருஷத்துக்குப் பதிலாக ஒரு வருஷம்தான் கிடைத்தது. காரணம் சொல்லவில்லை. எட்டாவது கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று இருந்தது. இம்முறை யாரும் வந்து விசாரிக்கவே இல்லை. தையல்காரம்மாவுக்குத்தான் அதில் வருத்தம், ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தாளாம். இனி ஒவ்வொரு வருஷமும் பதினான்கு கேள்வி, ஒவ்வொரு வருஷமும் அந்த அதிகாரி மேஜை. நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அதை அவள் பாத்திரத்தில் காட்டுவதில்லை.

அந்த வருஷக் கடைசியில் உள்ளூர்த் தேர்தல் வந்தது. அதே வரிசை, அதே வெயில், அதே பதிவேடு. அதே ரைட்டர், அவளைப் பார்த்ததும் பேனாவைச் சற்றுத் தயங்கித்தான் நீட்டினார். முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது கட்டத்தில், பெரிய பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே வழிய, எழுதினாள்: 'இன்னும் வாங்கலை.'

"என்னம்மா இது?" என்றார் ரைட்டர்.

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்."

அவர் பக்கத்தைக் கிழிக்கலாமா என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். கிழிக்க முடியாது. பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது.

பின்னால் நின்ற நகைக்கடைக் காவலர் எட்டிப் பார்த்தார். மெதுவாக அந்த இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "பேனாவை இப்படிக் குடுங்கக்கா" என்றார்.